மட்டக்களப்புக் கல்லடிக் கடலில் எப்போது குளிக்கலாம்?

லேப்பில் வேலை செய்கிறவளிடம் ஊர் கேட்கிற கேள்வி காலத்துக்குக் காலம் மாறும். தை, மாசியில் டெங்கும் பிளேட்லெட்டும். சித்திரை வருஷப் பலகாரம் முடிந்த கையோடு சீனி, கொலஸ்ட்ரோல். மார்கழி விடுமுறை விட்டதும் எல்லோருக்கும் ஒரே கேள்வி: "பிள்ளைகள் கடலுக்குப் போகணும் என்டு நிக்குதுகள், குளிக்க விடலாமா?"

ஓம் என்றும் சொல்வதில்லை, வேண்டாம் என்றும் சொல்வதில்லை. கடைசியாக எப்போது மழை பெய்தது, எந்த இடத்தில் இறங்கப் போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்பேன். கேட்டவருக்கு அது பிடிக்காது. "கடற்கரை துப்புரவாத்தானே கிடக்கு? போன சனிக்கிழமையும் பொடியன்மார் வந்து அள்ளிக்கொண்டு போனாங்க" என்பார். சிக்கலே அந்தப் பதிலில்தான். மணல் துப்புரவாக இருந்தால் தண்ணீரும் துப்புரவு என்று நம்பி வளர்ந்துவிட்டோம். மணலைக் கண்ணால் பார்க்கலாம். தண்ணீரில் நான் தேடுகிற சாமானுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

(மார்கழிக் கடலில் பிள்ளையை இறக்குகிறவர் முதலில் பயப்பட வேண்டியது கிருமிக்கு அல்ல, வாடைக்காற்றுக் காலத்து இழுவைக்கு. அது வேறு கதை. ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.)

அந்தப் பொடியன்மாரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் பகுதி விளையாட்டுக் கழகத்துப் பிள்ளைகள்தான். விடியற்காலையில் உரச்சாக்கோடு இறங்குவார்கள். பின்னேரம் கூடிக் கலைந்த சனம் விட்டுப்போன கச்சான் சுருள், ஐஸ்கிரீம் கப், நெக்டோ போத்தல், ரெஜிபோம் பெட்டி, சோற்றுப் பார்சல் சுற்றிய லன்ச் சீட் எல்லாம் சாக்குக்குள் போகும். லன்ச் சீட்டை 2017 செப்டெம்பரில் தடை செய்தார்கள். கொழும்புப் பக்கத்து மீதொட்டமுல்லைக் குப்பைமேடு அந்த ஆண்டு ஏப்ரலில் வீடுகள் மேல் சரிந்த பிறகு வந்த தடை. ஷம்பு அடைத்து வரும் சின்ன சஷேக்கு 2021 மார்ச்சில் தடை வந்தது. ஸ்ட்ரோ, பிளாஸ்டிக் கரண்டிக்கு 2023 ஒக்டோபரில். சட்டம் வர்த்தமானியில் இருக்கிறது, சாமான் சாக்கில் இருக்கிறது.

ஒருநாள் அவர்கள் அள்ளிக்கொண்டு போன பிறகு, அலை விட்டுப்போன கோட்டில் ஒரு பாய் விரிக்கிற அளவு இடத்தைக் குந்தியிருந்து கிண்டிப் பார்த்தேன். மேலாகப் பார்த்தால் ஒன்றும் இல்லை. காய்ந்த கடற்பாசி, நண்டோடு, தென்னம்மட்டைத் துண்டு. கையால் மணலைத் தள்ளத் தள்ளத்தான் மற்றது வந்தது. நீல நைலோன் கயிற்றின் இழைகள். தங்கூசி வலையின் ஒரு துண்டு, ஒரு ஊரியைச் சுற்றிச் சுற்றி இறுகி, இனி எவராலும் அவிழ்க்க முடியாத மாதிரி. போத்தல் மூடிகள். காது குடையும் குச்சி, பஞ்சு போய் வெறும் பிளாஸ்டிக் தண்டு. ரெஜிபோம் உதிர்ந்த வெள்ளை மணிகள், தொட்டால் காற்றோடு ஓடும். சிகரெட் அடிக்கட்டைகள். அந்தப் பில்டரைப் பஞ்சு என்று நினைக்கிறார்கள். அது செலுலோஸ் அசிட்டேற்று, பிளாஸ்டிக் வகைதான். வாடியில் இருந்து பீடி இழுக்கிற கிழவர்கள் இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல்.

சாக்கில் போவது பெரியது, கடலுக்குத் திரும்பிப் போவது சின்னது. ஆகையால் அரிதட்டு ஒன்று கொண்டு வாருங்கள் என்றேன். கொண்டு வந்தார்கள். மணலை அரிக்கிற வேலை படத்துக்கு எடுக்காது, இடுப்பு மட்டும் நோகும், எனவே இரண்டு பேர்தான் அதில் நிலைத்தார்கள். அந்த இரண்டு பேருக்கும் என் வீட்டில் எப்போதும் தேத்தண்ணி உண்டு.

அவர்களோடு எனக்கு வந்த ஒரே சண்டை அடம்பன் கொடியால் வந்தது. ஒரு சனிக்கிழமை போனால் கரையோரத்து அடம்பனையும் இராவணன் மீசையையும் பிடுங்கிக் குவித்து வைத்திருக்கிறார்கள். கேட்டால், "பத்தையாக் கிடந்துது அக்கா, வடிவில்ல." வாடைக்காற்றில் மணல் றோட்டுக்கு ஏறாமல் பிடித்து வைத்திருப்பது அந்தப் பத்தைதான். சுனாமிக்குப் பிறகு சவுக்கு நட்டார்கள், எல்லோரும் படம் பிடித்தார்கள். அடம்பனை யாரும் நடவில்லை, அது தானாக வந்து வேலையைச் செய்கிறது. குப்பை அள்ளப் போகிறவனுக்கு எது குப்பை இல்லை என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். இன்னொரு கூட்டம் வேறு இடத்தில் கிடங்கு வெட்டிக் குப்பையைப் புதைத்துவிட்டுப் போனதையும் கண்டேன். அடுத்த மாரிக்கு அலை அந்தக் கிடங்கைத் தோண்டும், எல்லாம் பழையபடி கரையில் கிடக்கும்.

இப்போது பொடியன்மார் எடுத்ததை எல்லாம் ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதுகிறார்கள். இது என் யோசனை இல்லை. 1986இல் அமெரிக்காவில் டெக்சாஸ் கரையில் இரண்டு பெண்கள் தொடங்கிவைத்த துப்புரவில், ஒவ்வொருவர் கையிலும் ஒரு அட்டை கொடுத்து எடுத்த சாமானை ஒவ்வொன்றாகக் குறிக்கச் சொன்னார்கள். ஆண்டுதோறும் செப்டெம்பர் மூன்றாம் சனிக்கிழமை உலகமெல்லாம் நடக்கும் கரைத் துப்புரவு அதிலிருந்து வளர்ந்ததுதான். இத்தனை கிலோ அள்ளினோம் என்பதில் ஒன்றும் விளங்காது, ஈரமணல் ஒட்டினாலே சாக்குப் பாரமாகிவிடும். எந்தச் சாமான் எத்தனை என்று எழுதினால்தான் எந்தக் கடை வாசலில் வாளி வைக்க வேண்டும் என்று தெரியும். எங்கள் கொப்பியில் யோகட் கப்பை இன்னும் எதுவும் முந்தவில்லை.

சரி, தண்ணீருக்கு வருவோம்.

கடல் தண்ணீரில் நாங்கள் தேடுவது நேரே நோய்க்கிருமியை அல்ல. வயிற்றோட்ட வைரஸ், சல்மொனெல்லா என்று ஒவ்வொன்றாகத் தேடப் போனால் காசும் போதாது, நாளும் போதாது. மனிதக் குடலிலும் மாடு நாய்களின் குடலிலும் குடியிருக்கும் என்டரோகொக்கை என்ற பற்றீரியாக் கூட்டத்தைத் தேடுகிறோம். அது இருந்தால் தண்ணீரில் மலம் கலந்திருக்கிறது. மலம் கலந்திருந்தால் அதோடு வரக்கூடிய மற்றதுகளும் வந்திருக்கலாம். கிணற்றுத் தண்ணீருக்கு ஈ.கோலை பார்ப்போம். கடலில் உப்பும் வெயிலும் அதைச் சீக்கிரம் கொன்றுவிடும், என்டரோகொக்கை கூடிய நேரம் தாக்குப்பிடிக்கும்.

தண்ணீர் எடுக்கிற விதத்திலேயே பாதி வேலை இருக்கிறது. வெயில் ஏறுவதற்கு முன் போக வேண்டும், உச்சிவெயிலில் எடுத்த போத்தல் கடலை நல்லவனாக்கிக் காட்டும். இடுப்பளவு தண்ணீரில் நின்று, கிருமிநீக்கிய போத்தலை மூடியோடு 30 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு இறக்கி, அங்கே வைத்துத் திறந்து, வாயை அலை வருகிற பக்கம் திருப்பி நிரப்ப வேண்டும். மேல்நுரையை அள்ளினால் கணக்குப் பிழைக்கும். காலால் மணலைக் கிளப்பினாலும் பிழைக்கும், ஈரமணலுக்குள்ளும் இந்தப் பற்றீரியா ஒளிந்திருக்கும். பிறகு ஐஸ் பெட்டி. வெயில் படாமல், சூடேறாமல், அன்றைக்கே லேப்புக்கு வந்தாக வேண்டும்.

லேப்பில் 100 மில்லிலீற்றரை ஒரு சின்ன வட்டத் தாள் வழியாக உறிஞ்சி இழுப்போம். வெள்ளைத் தாள், மெல்லிய கட்டக்கோடு போட்டது, துளை 0.45 மைக்ரோன். பற்றீரியா அதில் தங்கிவிடும். தாளை எடுத்து வளர்ப்பூடகத்தின் மேல் காற்றுக்குமிழி இல்லாமல் படிய வைத்து, 36 பாகையில் இரண்டு நாள் விட வேண்டும். திறந்து பார்த்தால் தாள் எங்கும் மெரூன் புள்ளிகள், குங்குமத்தை விரல்நுனியால் தொட்டுத் தொட்டு வைத்த மாதிரி. அதோடு முடியவில்லை. அதே தாளைக் கிடுக்கியால் தூக்கி, 44 பாகைக்குச் சூடாக்கி வைத்த பித்த ஈஸ்குலின் ஊடகத்துக்கு மாற்றி இரண்டு மணி நேரம் பார்க்க வேண்டும். உண்மையான என்டரோகொக்கை என்றால் புள்ளியின் கீழே கபிலமோ கறுப்போ படரும். படராததைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

கடைசியில் வருகிற எண்ணுக்கு உலக சுகாதார நிறுவனம் ஒரு அளவுகோல் வைத்திருக்கிறது. ஒரு போத்தலை அல்ல, பல நாள் எடுத்த போத்தல்களை வரிசைப்படுத்தி, 100இல் 95 போத்தல் எந்த எண்ணுக்குள் அடங்குகிறது என்று பார்ப்பார்கள். 100 மில்லிலீற்றரில் 40க்குள் அடங்கினால், குளித்தவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகத்தான் அதனால் வயிறு கெடும். 200 வரை போனால் நூற்றுக்கு ஐந்து பேர் வரை. 500ஐத் தாண்டினால் பத்துப் பேருக்கு மேல். ஐரோப்பிய நாடுகள் 2006இல் கொண்டுவந்த விதிப்படி, கடலோரக் குளிப்பிடம் ஒன்று முதல் தரமாவதற்கு அந்த 95இன் எண் 100ஐத் தாண்டக்கூடாது.

இங்கே ஊர்ப்பக்கம் ஒரு மலிவுச் சோதனை ஓடுகிறது, அதையும் சொல்ல வேண்டும். ஒரு காகிதத் துண்டு போட்ட சின்னப் போத்தலில் தண்ணீரை ஊற்றி வைத்தால், கெட்ட தண்ணீர் கறுக்கும். கிணற்றுக்கு அது பரவாயில்லை. கடல் தண்ணீரை அதில் ஊற்றிவிட்டு "கறுத்துட்டு அக்கா" என்று ஓடி வராதீர்கள். கடற்சேற்றில் தன்பாட்டில் வாழ்கிற கந்தகப் பற்றீரியாக்களே அதைக் கறுப்பாக்கிவிடும்.

ஏன் எங்கள் கரைக்கு இது முக்கியம் என்றால், எழுவான்கரை முழுக்க மணல்மேடு. கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவில் கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, கல்முனை என்று ஊரோடு ஊர் ஒட்டிக் கிடக்கிறது. இந்த மண்ணில் பொம்பிளைப் பிள்ளைக்கு வீடு கொடுக்காமல் கலியாணம் நடக்காது. ஒரு தகப்பனுடைய வளவு மூன்று மகள்மாருக்கு மூன்று வீடாகும். மூன்று வீட்டுக்கு மூன்று கிணறு, மூன்று மலக்குழி. கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் 50 அடி இருக்க வேண்டும் என்று பீ.எச்.ஐ., அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், சொல்லுவார். வளவின் அகலமே சில இடத்தில் 50 அடி இல்லை.

கோடையில் இது தாங்கும், மணல் ஓரளவுக்கு வடிகட்டும். மாரியில் நிலத்தடி நீர் மேலேறி, இரண்டு மண்வெட்டி வெட்டினால் தண்ணீர் தெரியும். அப்போது மலக்குழியின் அடி தண்ணீருக்குள் நிற்கிறது. அந்தத் தண்ணீர் வாவிக்கும் கசியும், கடலுக்கும் கசியும். மழைநீர் ஓடத்தான் வடிகான் கட்டினார்கள். இராவோடிராவாக எந்தெந்த வீட்டு பைப் அதற்குள் வந்து சேர்ந்தது என்பது வீட்டுக்காரருக்கும் மேசனுக்கும் மட்டும் தெரியும். வெயில் நாளில் அந்த வடிகான் கடற்கரை மணலில் வந்து ஒரு கறுத்த குட்டையாகத் தேங்கி நிற்கும். நாய் குடிக்கும், பிள்ளைகள் பந்து விழுந்தால் காலை வைத்து எடுப்பார்கள். முதல் பெருமழைக்கு அந்தக் குட்டை உடைத்துக்கொண்டு கடலுக்குள் போகும்.

பிறகு வாவி. 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கிற வாவி. பாலமீன்மடுப் பக்கத்து முகத்துவாரம் கோடையில் மணல் ஏறி அடைபட்டுவிடும். மாரியில் வாவிக்கு மேற்கே படுவான்கரை வயல்கள் மூழ்கத் தொடங்கினால் அந்த மணலை வெட்டிவிடுவார்கள். ஆறு வெட்டுவது என்று சொல்வது இதைத்தான். 2011 ஜனவரி வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு வெட்டாவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. வெட்ட வேண்டியதுதான். ஆனால் மாதக்கணக்கில் வாவியில் சேர்ந்த எல்லாம், வயலில் அடித்த மருந்து, நகரத்து வடிகான் தண்ணீர், மாட்டுப்பட்டிச் சாணம், அந்த வாயால்தான் கடலுக்கு வருகிறது.

கரைவலை இழுக்கிற மாமா ஒருவரிடம் இதைப் பற்றிக் கதைத்தேன். கடலைப் பார்த்தபடியே சொன்னார்: "ஆறு வெட்டினா கடல் ரெண்டு நிறமா நிக்கும் புள்ள. இஞ்சால மண் நிறம், அங்கால பச்ச. நடுவில கோடு கீறின மாதிரி. வலையப் போட்டா மீனை விட ஆத்துவாழைதான் கூட வரும். நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்குதோ அந்தப் பக்கத்துக் கரைக்கு அந்தத் தண்ணி போகும். தெளிஞ்சாப் பிறகு இறங்குவம், எங்களுக்கு ஒண்டும் செய்யாது."

அவருடைய கண்ணில் பாதிக்கு மேல் விஞ்ஞானம் இருக்கிறது. கலங்கிய தண்ணீருக்குள் வெயில் இறங்காது, பற்றீரியா பிழைத்துக்கிடக்கும். தெளிந்தால் வெயில் தன் வேலையைச் செய்யும். மிச்சப் பாதிதான் பிரச்சினை: வடிகான் தண்ணீர் எப்போதும் கலங்கலாக வருவதில்லை. கண்ணாடி மாதிரித் தெளிந்த தண்ணீரிலும் தாள் முழுக்கப் புள்ளி வரலாம். "உங்களுக்கு ஒண்டும் செய்யாது மாமா, பழகின வயிறு. கொழும்பிலிருந்து வாற உங்கட பேரனுக்கு?" என்று கேட்டேன். சிரித்துவிட்டு வலையைப் பார்க்கப் போனார்.

லேப் முதலாளியின் அனுமதியோடு, வேலை நேரம் முடிந்த பிறகு ஒரு தரம் நானே செய்து பார்த்தேன். மழைக்கு மறுநாள் விடிய இரண்டு போத்தல். ஒன்று ஒரு வடிகான் வாய்க்கு நேரே, மற்றது அங்கிருந்து தள்ளி, காலில் மணல் சுடாத நேரமாகப் பார்த்து நடந்து போய். எண்ணை இங்கே போட மாட்டேன். ஒரு நாள் எடுத்த ஒரு போத்தலை வைத்து ஒரு கடலுக்குத் தீர்ப்பு எழுதக்கூடாது, தொழில் தெரிந்தவர்கள் என்னைப் பிடித்து ஏசுவார்கள். ஆனால் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது, எது எந்தப் போத்தல் என்று எழுத்தைப் பார்க்காமலே என் மகள் சொன்னாள். அவளுக்கு வயது பத்து.

இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது, பலர் அதை யோசிப்பதில்லை. இன்று எடுத்த தண்ணீரின் எண் நாளை மறுநாள்தான் கிடைக்கும். நீங்கள் குளித்து, வீட்டுக்குப் போய், வயிற்றாலும் போய் முடிந்த பிறகு "அன்றைக்குத் தண்ணீர் சரியில்லை" என்று சொல்வேன். அதற்குள் கடல் வேறாகியிருக்கும். எண்ணை மட்டும் நம்பிக் குளிப்பவன் எப்போதும் முந்தாநாள் கடலில் குளிக்கிறான்.

இந்தச் சிக்கல் கலிபோர்னியாக்காரருக்கும் இருந்தது. ஒழுங்காகத் தண்ணீர் சோதித்து, லொஸ் ஏஞ்சலீஸ் பக்கத்தில் 'ஹீல் த பே' என்ற அமைப்பு ஒவ்வொரு கரைக்கும் பள்ளிக்கூட ரிப்போட் மாதிரி ஏ முதல் எஃப் வரை புள்ளி போட்டு வெளியிடுகிறது. அப்படி இருந்தும் அங்கே குளிப்பவருக்குச் சொல்லும் விதி எண் இல்லாத விதி: மழை பெய்தால் 72 மணி நேரம் கடலில் இறங்காதே, வடிகான் வாய்ப் பக்கம் எப்போதும் போகாதே. 1995இல் சாண்டா மொனிக்கா வளைகுடாவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குளிப்பாளர்களைக் கேட்டு ஒரு ஆய்வு செய்தார்கள். வடிகான் வாய்க்கு முன்னால் குளித்தவர்களுக்கு, அங்கிருந்து 400 யார் தூரம் தள்ளிக் குளித்தவர்களை விடக் காய்ச்சல், காதில் சீழ், வாந்தி எல்லாம் கூட வந்திருந்தது. 400 யார் என்பது கச்சான் ஒரு சுருள் தின்று முடிக்கிற நடை.

அப்படியானால் சோதனை எதற்கு? குளிப்பவனுக்காக அல்ல, வடிகானுக்காக. மாரி முழுக்கக் கிழமைக்கு ஒருக்கா, கோடையில் இரண்டு கிழமைக்கு ஒருக்கா, நாலு இடத்தில் ஒரே நேரத்தில் எடுத்துக்கொண்டு வந்தால், எந்த இடம் மழை இல்லாத நாளிலும் கெட்டுக் கிடக்கிறது என்று தெரிந்துவிடும். மழை நாளில் எல்லா இடமும் கெடும், அதில் யாரையும் பிடிக்க முடியாது. வெயில் நாளில் கெட்டுக் கிடக்கிற இடத்துக்குப் பின்னால் ஒரு பைப் இருக்கும். அந்தப் பைப்பைத் தேடிப் பிடிக்கத்தான் இத்தனை புள்ளியும் எண்ணுவது. எனக்குத் தெரிந்த ஒரு பீ.எச்.ஐ. சொன்னார்: "நம்பரோட வாங்க தங்கச்சி, நான் அந்த வடிகானோட நடந்து போறன். நம்பர் இல்லாமப் போனா ஆளாளுக்குப் பக்கத்து வீட்டக் காட்டுவாங்க."

2020 செப்டெம்பர் 3ஆம் திகதி சங்கமன்கண்டிக்கு அப்பால் 'நியூ டயமன்ட்' எண்ணெய்க் கப்பல் தீப்பிடித்தபோது, அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் என்று கரையெல்லாம் சனம் கடலைப் பார்த்தபடி நின்றது. ஏறக்குறைய 270,000 தொன் மசகு எண்ணெய் அதற்குள். நல்ல காலம், அது கசியவில்லை, கப்பலின் சொந்த எரிபொருள்தான் படலமாகப் படர்ந்தது. அந்தக் கிழமை முழுக்க எல்லோருக்கும் கடல் மேல் அக்கறை. அந்த அக்கறை பிழையில்லை. கப்பல் எரிந்தால் ஹெலிகொப்டர் வரும், கமரா வரும். வடிகானுக்கு ஒருவரும் வரமாட்டார்கள், ஆனால் அது வருஷம் முழுக்க ஓடுகிறது.

தீர்த்தத்தையும் கேட்பீர்கள். திருக்கோவிலில் ஆடி அமாவாசைக்குக் கடலில்தான் தீர்த்தம். இவ்வளவு சனம் ஒரே நேரத்தில் இறங்கலாமா என்று என் மாமி ஒவ்வொரு வருஷமும் கேட்பா. ஆடி எங்களுக்கு வறண்ட காலம். மழையும் இல்லை, வெள்ளமும் இல்லை, வெயிலோ கேட்கவே வேண்டாம். மழை விதிப்படி பார்த்தால் நல்ல நாள்தான். நாள் குறித்த முன்னோர் வானிலை பார்த்துக் குறித்தார்களோ தெரியாது, எனக்கு மாமியிடம் நல்ல பேர். கரையில் விட்டு வருகிற துணிகளையும் பொலித்தீன் பைகளையும் பற்றி அவவிடம் நான் கதைக்கிற கதை வேறு.

பொடியன்மாருக்கு இப்போது ஒரு பலகை வைக்க ஆசை. எண்ணைப் பெரிதாக எழுத வேண்டும் என்றார்கள். முந்தாநாள் எண்ணை எழுதி என்ன செய்யப் போகிறீர்கள் என்றேன். கடைசியில் மூன்று வரிக்கு இறங்கினார்கள்: கடைசிப் பெருமழை எந்தத் திகதி, ஆறு வெட்டியது எந்தத் திகதி, எந்தப் பக்கம் இறங்கலாம். சோக்கட்டியால் எழுதுவது, அழிப்பது. இதைக் கேள்விப்பட்டு கச்சான் வண்டி அண்ணன் வந்தார். "பயமுறுத்திற போர்டப் பார்த்தா சனம் வராது, நான் என்னத்த விக்கிறது?" அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. "குளிக்காதே" என்று எழுதாமல் "இங்கே குளியுங்கள்" என்று அம்புக்குறி போடுவதாக முடிவு. அம்புக்குறி போகிற பக்கத்துக்குத் தன் வண்டியையும் தள்ளிக்கொள்வாராம்.

தண்ணீர் எடுக்கிற வேலை ஐப்பசியில், முதல் மழைக்கு முன்னால் தொடங்க வேண்டும், மழை இல்லாத எண் கையில் இருந்தால்தான் மழை எண்ணோடு ஒப்பிடலாம். லேப்பில் இன்குபேட்டரைச் சனி இரவில் பாவிக்க அனுமதி கிடைத்துவிட்டது. ஊடகப் பொடி ஒரு போத்தலின் விலையைக் கேட்டுக் கழகத்துப் பொருளாளர் கொஞ்ச நேரம் கதைக்கவில்லை, பிறகு கிரிக்கெட் சுற்றுப்போட்டிக் காசில் பாதியைத் தருவதாகச் சொன்னார். எழுதி வாங்கிவிட்டேன். இனித் தேவை ஐஸ் பெட்டி ஒன்று. கல்லடிப் பக்கம் யாரிடமாவது சும்மா கிடந்தால் சொல்லுங்கள், பொடியன்மார் வந்து தூக்குவார்கள். மீன் பெட்டி மட்டும் வேண்டாம், எவ்வளவு கழுவினாலும் அந்த மணம் போகாது, லேப் முதலாளிக்கு அது ஒத்துவராது.